முடியைவிட மெல்லிய காந்தக் கம்பி: படிகம் இல்லாத உலோகம் எப்படிக் காந்தமாகிறது?

ஆடித் தள்ளுபடி சமயம், அம்மாவுக்குச் சேலை எடுக்கத் திருநெல்வேலி டவுனுக்குப் போயிருந்தோம். பில் போட்டுப் பையை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது கதவோரம் நின்ற தூண் கத்தத் தொடங்கியது. சேலை மடிப்புக்குள் ஒட்டியிருந்த சின்ன வெள்ளைப் பட்டையை எடுக்கக் கடையில் மறந்துவிட்டார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்ததில் அம்மாவுக்கு முகமே சுருங்கிப்போனது. பக்கத்தில் நின்றவர் ஆறுதலாகச் சொன்னார்: "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அதுக்குள்ள சிப் இருக்கு. அதுதான் கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புது."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டையைப் பிரித்துப் பார்த்தேன். சிப் இல்லை, பேட்டரி இல்லை, மின்கம்பிகூட இல்லை. நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் பளபளப்பான உலோக நாடாக்கள் மட்டும் இருந்தன. மறுநாள் அதை வகுப்புக்கு எடுத்துப்போனேன். நான் பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவன். "இது படிகம் இல்லாத உலோகம்" என்று சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "படிகமே இல்லன்னா காந்தம் எப்படி சார் வரும்? அணு எல்லாம் வரிசையா நின்னாத்தானே காந்தம்?"

இந்தத் தப்பான எண்ணம் அவளுக்கு மட்டும் உரியதல்ல. "உலோகக் கண்ணாடி" என்று பெயர் வைத்துவிட்டதால் ஒளி ஊடுருவும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். "காந்தக் கம்பி" என்றால் ஆணியை ஒட்டி இழுக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. அந்த நாடாவுக்குத் தம்பி போன்ற ஒரு பொருள், நம் தலைமுடியைவிட மெல்லிய படிகமில்லா உலோக நுண்கம்பி. நாடாவைவிட அதன் கதை இன்னும் சுவாரசியம் என்பதால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

## பனங்கற்கண்டும் பஞ்சுமிட்டாயும்

உடன்குடிப் பக்கம் பனங்கற்கண்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, பானையில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். சர்க்கரை மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து, தனக்குரிய இடம் பார்த்து உட்காருகின்றன. கடைசியில் பட்டை பட்டையாக மின்னும் கற்கண்டு கிடைக்கிறது. அணுக்களோ மூலக்கூறுகளோ ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட பொருளுக்குப் படிகம் என்று பெயர்.

இப்போது கொடை விழாவில் பஞ்சுமிட்டாய் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் சர்க்கரைதான் உருகுகிறது. சுழலும் கிண்ணத்தின் பொடி ஓட்டைகள் வழியே அது மெல்லிய இழையாக வெளியே பீறிட்டு, காற்றில் பட்ட கணத்திலேயே இறுகிவிடுகிறது. இடம் பார்த்து உட்கார மூலக்கூறுகளுக்கு நேரமே இல்லை. ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்துபோகின்றன. இப்படி ஒழுங்கான அடுக்கு இல்லாமல் உறைந்த திடப்பொருள்தான் படிகமற்ற பொருள், ஆங்கில வழக்கில் அமார்பஸ். ஜன்னல் கண்ணாடியும் இந்த வகைதான். உலோகக் கண்ணாடி என்ற பெயர் வந்தது இந்த ஒற்றுமையால்தான், ஒளி புகுவதால் அல்ல. பார்வைக்கு அது எவர்சில்வர் போலத்தான் இருக்கும்.

சர்க்கரையை இப்படி ஏமாற்றுவது சுலபம், உலோகத்தை ஏமாற்றுவது கஷ்டம். உலோக அணுக்கள் மிக வேகமாக வரிசைக்கு வந்துவிடும். அவற்றை முந்த வேண்டுமென்றால் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற கணக்கில் குளிரவைக்க வேண்டும். 1960-ல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவேயும் அவருடைய கூட்டாளிகளும் தங்கமும் சிலிக்கனும் கலந்த உருகலை இப்படி உறையவைத்துக் காட்டினார்கள். படிகமற்ற உலோகக் கலவை பற்றிய முதல் அறிக்கை அது.

வேகம் மட்டும் போதாது, கலவையும் சரியாக இருக்க வேண்டும். ஒரே அளவு எலுமிச்சம்பழங்களை அழகாகக் கோபுரம்போல் அடுக்கிவிடலாம். நடுநடுவே கோலிக்குண்டையும் மிளகையும் போட்டால் அடுக்கு குலைந்துவிடும். இரும்போடும் கோபால்ட்டோடும் சிலிக்கன், போரான் போன்ற சின்ன அணுக்களைச் சேர்ப்பது இதற்காகத்தான். இவை மொத்தத்தில் கால்வாசி அளவுக்குக்கூட இருக்கும்.

## கம்பி இழுக்கும் விதம்

மெல்லியதாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் சூடு சட்டென்று வெளியேறும். பஞ்சுமிட்டாய் இழையாக இருப்பதற்கும் நுண்கம்பி நுண்ணியதாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

கண்ணாடிக் குழாய் ஒன்றுக்குள் சில கிராம் உலோகக் கலவையைப் போட்டு, குழாயின் அடிநுனியை மின்காந்தச் சுருளுக்கு நடுவே வைப்பார்கள். உலோகம் உருகித் துளியாகிறது, அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் கண்ணாடியும் இளகுகிறது. இளகிய கண்ணாடியின் நுனியைப் பிடித்து இழுத்து, வேகமாகச் சுழலும் உருளையில் சுற்றுவார்கள். கண்ணாடி இழை நீளும்போது அதன் நடுத்துளைக்குள் உருகிய உலோகமும் சேர்ந்து இழுபடும். வழியில் தண்ணீர்த் தாரை பட்டு இரண்டும் ஒன்றாக உறைகின்றன. சில கிராம் உலோகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் கம்பி கிடைக்கும். உள்ளே இருக்கும் உலோகத்தின் விட்டம் பொதுவாகச் சில மைக்ரானிலிருந்து நாற்பது மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் முடியே ஏறத்தாழ எழுபது மைக்ரான் இருக்கும்.

1924-ல் டெய்லர் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்த இந்த முறையைச் சோவியத் நாட்டின் உலிடோவ்ஸ்கி பின்னர் வளர்த்தெடுத்தார். அதனால் டெய்லர்–உலிடோவ்ஸ்கி முறை என்றே பெயர். ஆக, நம் கையில் இப்போது இருப்பது படிகமற்ற உலோக நடு, அதைச் சுற்றி ஒரு கண்ணாடி உறை. அந்த உறையை மறந்துவிடாதீர்கள், கதையின் முக்கியத் திருப்பம் அதில்தான் இருக்கிறது.

## வரிசை வேறு, திசை வேறு

மாணவி கேட்ட கேள்விக்கு வருவோம். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் கூட்டம் எப்படி நிற்கிறது? என்.சி.சி. அணிவகுப்புபோல் வரிசையாக நிற்கவில்லை. ஒருவர் முன்னே, ஒருவர் சாய்வாக, ஒருவர் இன்னொருவர் தோள்மேல் கை போட்டுக்கொண்டு. ஆனாலும் வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே திசை பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கமே நானும் பார்க்கிறேன், அவ்வளவுதான். நிற்கும் இடத்தில் ஒழுங்கு இல்லை, பார்க்கும் திசையில் ஒழுங்கு இருக்கிறது.

இரும்பு அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஓர் அணு தன் திசையைப் பக்கத்து அணுவைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. தூரத்தில் படிக அடுக்கு நேராக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதனால் அடுக்கு குலைந்தாலும் காந்தம் குலைவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அப்படியானால் ஒரு சாதாரண இரும்புத் துண்டு ஏன் காந்தமாக இல்லை? நாலு ரத வீதிகளிலும் கூட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீதியில் எல்லோரும் மேற்கே பார்க்கிறார்கள், அடுத்ததில் வடக்கே, அதற்கடுத்ததில் கிழக்கே. ஒவ்வொரு வீதிக்குள்ளும் ஒற்றுமை, ஊரை மொத்தமாகக் கூட்டினால் பூஜ்யம். இப்படி ஒரே திசை பார்க்கும் அணுக்களின் பகுதிக்கு டொமைன் என்று பெயர். வீதி முனையில் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது அல்லவா, இரண்டு டொமைன்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் திருப்பத்துக்கு டொமைன் சுவர் என்று பெயர். வெளியிலிருந்து காந்தப்புலம் வந்தால் இந்தச் சுவர்கள் நகரும். ஒரு டொமைன் பெருக்கும், இன்னொன்று சிறுக்கும்.

சுவர் எளிதாக நகர்ந்தால் அது மென்காந்தம். சிறிய புலத்துக்கே திசை மாறும், தன் காந்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அடம்பிடிக்காது. நகர மறுத்தால் வன்காந்தம். ஸ்பீக்கருக்குள் இருப்பது வன்காந்தம், நம் தெரு ட்ரான்ஸ்பார்மரின் நடுவே இருப்பது மென்காந்தம். மென்மை, வன்மை என்பதெல்லாம் தொட்டுப் பார்க்கும் கதையல்ல, கீழ்ப்படிதலின் கதை. நம் நுண்கம்பி உருக்கைப்போல் உறுதியானது, ஆனால் அது ஒரு மென்காந்தம்.

ஏன் மென்மை? சாதாரண உலோகம் பொடிப்பொடிப் படிகத் துணுக்குகளால் ஆனது. துணுக்குக்கும் துணுக்குக்கும் நடுவே இருக்கும் எல்லைகள் தேருக்குப் போடும் முட்டுக்கட்டைபோல் டொமைன் சுவரைத் தடுக்கும். தவிர, ஒவ்வொரு துணுக்கும் தன் அடுக்குக்கு ஏற்ற ஒரு திசையை விரும்பும். படிகமே இல்லாத உலோகத்தில் முட்டுக்கட்டையும் இல்லை, அந்தத் திசை விருப்பமும் இல்லை.

சுருக்கமாக: படிகம் இல்லாததால் காந்தம் போகவில்லை. காந்தத்துக்கு இருந்த தடைகள்தான் போயின.

## வண்டிச் சக்கரப் பட்டை

படிகம் திசை காட்டவில்லை என்றால் கம்பிக்குள் அணுக்காந்தங்கள் எந்தப் பக்கம் பார்க்கும்? வேறொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அதுதான் இழுவிசை.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பட்டை மாட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இரும்புப் பட்டையை நன்றாகக் காயவைத்து, விரிந்திருக்கும்போது மரச் சக்கரத்தில் ஏற்றி, உடனே தண்ணீர் ஊற்றுவார். இரும்பு சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் மரம் விடாது. அன்றிலிருந்து பட்டை தேயும்வரை அந்த இரும்பு இழுபட்ட நிலையிலேயே வாழ்கிறது.

நுண்கம்பியிலும் இதுவேதான். குளிரும்போது உலோகம் அதிகம் சுருங்கும், கண்ணாடி குறைவாகச் சுருங்கும். உலோகம் குறுகப் பார்க்கிறது, ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி விடவில்லை. கம்பியின் நீளவாக்கில் உலோகம் நிரந்தரமாக இழுபட்டு நிற்கிறது. உறை தடிப்பாக இருந்தால் இழுப்பும் அதிகம்.

இழுப்புக்கும் காந்தத்துக்கும் என்ன உறவு? ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்கும். மின்சாரம் ஓடும் சத்தம் என்று நினைக்கிறோம். பெரும்பகுதி அதுவல்ல. உள்ளே இருக்கும் இரும்பு, காந்தமாகும்போது மிக மிகச் சிறிய அளவு நீள்கிறது, காந்தம் குறையும்போது பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றில் இரண்டு முறை காந்தம் உச்சத்துக்குப் போகிறது, ஆகவே நொடிக்கு 100 அதிர்வு. இப்படிக் காந்தத்தால் பொருளின் நீளம் மாறுவதை 1842-ல் ஜூல் இரும்பில் கண்டறிந்தார். இதன் பெயர் மேக்னட்டோஸ்ட்ரிக்‌ஷன், நாம் காந்த நீட்சி என்போம். இரும்பு அதிகமுள்ள படிகமற்ற கலவையில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் நீள்கிறது. சில கலவைகள் நீள்வதற்குப் பதிலாகக் குறுகும்.

காந்தமானால் நீளும் என்பது உண்மையென்றால், அதைத் திருப்பிப் போட்டாலும் உண்மைதான். ஏற்கெனவே இழுத்து நீட்டப்பட்ட கம்பியில் அணுக்காந்தங்கள் அந்த இழுப்பின் திசையிலேயே திரும்ப விரும்பும். குறுகும் வகைக் கலவையாக இருந்தால் இழுப்புக்குக் குறுக்கே திரும்ப விரும்பும்.

எந்தத் திசை சுலபம், எந்தத் திசை கஷ்டம் என்ற இந்த வேறுபாட்டுக்குத் திசைச் சார்பு என்று பெயர். பத்தமடைப் பாயை ஒரு வாக்கில் சுருட்டினால் பட்டுப்போல் சுருளும், மறுவாக்கில் முரண்டுபிடிக்கும், அந்த மாதிரி. பாய்க்கு அந்தக் குணத்தைக் கோரை தருகிறது. சாதாரண இரும்புக்குப் படிக அடுக்கு தருகிறது. நம் கம்பிக்கு இழுவிசை தருகிறது.

நான் மேலே சொன்ன எல்லாவற்றிலும் இதைத்தான் மனதில் நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். நேரடியான சாட்சியும் உண்டு. இரும்பு வகைக் கம்பியின் கண்ணாடி உறையை அமிலத்தில் கரைத்துவிட்டு அளந்திருக்கிறார்கள். உலோகம் அதேதான், ஓர் அணுகூட மாறவில்லை. ஆனால் காந்தத் திசையைப் புரட்டத் தேவைப்படும் புலம் குறைந்துவிடுகிறது. போனது இழுப்பு மட்டுமே.

## இரும்பு வகை: மடை திறந்ததுபோல்

இரும்பு அதிகமுள்ள கம்பி நீளும் வகை. இழுப்போ நீளவாக்கில் இருக்கிறது. ஆகவே கம்பியின் நடுப்பகுதி முழுவதும் ஒரே நீள டொமைன். அதற்கு இரண்டே நிலைதான் உண்டு, இந்த முனை பார்ப்பது அல்லது அந்த முனை பார்ப்பது. நடுத்தரம் என்று ஒன்று கிடையாது.

எதிர்ப்புலத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் கம்பி அசையாது. ஒரு குறிப்பிட்ட அளவு வந்ததும், முனையில் ஏற்கெனவே காத்திருக்கும் ஒரு சின்ன எதிர் டொமைனின் சுவர் பிய்த்துக்கொண்டு மறுமுனைவரை ஓடிவிடும். கால்வாயில் ஷட்டரைத் தூக்கியதும் தண்ணீர் கடைமடைவரை பாய்வதுபோல். இந்த ஓட்டத்தின் வேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டரையும் தாண்டும். காந்தம் இப்படித் தாவித் தாவி மாறுவதை 1919-ல் பார்க்ஹவுசன் முதலில் கேட்டார். கேட்டார் என்றே சொல்ல வேண்டும், சுருளையும் ஒலிபெருக்கியையும் இணைத்துப் படபட என்ற சத்தமாக அதை அறிந்தார். சாதாரண இரும்பில் அது ஆயிரக்கணக்கான குட்டித் தாவல்கள். நுண்கம்பியில் எல்லாம் ஒரே தாவல், அதனால் பெரும் பார்க்ஹவுசன் தாவல் என்கிறார்கள்.

மெல்லியதாக இருப்பதன் அருமை இங்கே இன்னொரு முறை தெரிகிறது. கம்பி ரொம்பக் குட்டையானால் இரு முனைகளின் குழப்பமும் நடுவே வந்து கலந்து இந்த இரண்டு நிலைக் குணம் கெட்டுவிடும். 125 மைக்ரான் தடிமனுள்ள படிகமற்ற கம்பிக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும். பத்து மைக்ரான் அளவுள்ள நுண்கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் போதும்.

தாவல் திடீரென்று நடப்பதால், பக்கத்தில் உள்ள சுருளில் கூர்மையான ஒரு மின்துடிப்பு பிறக்கும். அதை வைத்துப் பொருளுக்குள் கம்பி இருக்கிறதா என்று அறியலாம். சேலையில் இருந்த நாடா வேலைசெய்யும் விதம் வேறு: தூண் அனுப்பும் புலத்துக்கு அது காந்த நீட்சியால் அதிர்கிறது, புலம் நின்றபிறகும் கோயில் மணிபோல் சற்று நேரம் ஒலிக்கிறது. நொடிக்கு 58,000 அதிர்வு, நம் காதுக்கு எட்டாது. அந்த மிச்ச ஒலியின் காந்த அலையைத்தான் தூண் பிடிக்கிறது. தகவல் எதுவும் யாருக்கும் போகவில்லை.

## கோபால்ட் வகை: பனைமரத்தின் வைரம்

கோபால்ட்டும் இரும்பும் 94-க்கு 6 என்ற விகிதத்தில் இருந்தால் காந்த நீட்சி கிட்டத்தட்ட பூஜ்யம். மிச்சமிருக்கும் துளி அளவும் குறுகும் பக்கம். ஆகவே அணுக்காந்தங்கள் இழுப்புக்குக் குறுக்கே, கம்பியைச் சுற்றி வளையல்போல் படுக்கின்றன. இந்தக் கம்பி தாவாது. நீளவாக்கில் புலம் கொடுத்தால் வளையலிலிருந்து மெதுவாகச் சாய்ந்து திரும்பும்.

இதில் மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் சுற்று என்ற கணக்கில் திசை மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஒரு விந்தை நடக்கும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பனைமரத்தில் வெளி வளையம்தான் வைரம் பாய்ந்தது, உள்ளே வெறும் சோறு. பாரம் தாங்குவது வெளிப்புறமே. வேகமாகத் திசை மாறும் மின்னோட்டமும் கம்பியின் வெளித்தோலில்தான் ஓடும். இதற்குத் தோல் விளைவு என்று பெயர். கம்பி காந்தத்துக்கு எவ்வளவு எளிதாகக் கீழ்ப்படிகிறதோ, தோல் அவ்வளவு மெல்லியதாகும். தோல் மெலிந்தால் மின்னோட்டத்துக்கு வழி குறுகும், எதிர்ப்பு கூடும்.

இப்போது வெளியிலிருந்து ஒரு சிறிய காந்தப்புலம் நீளவாக்கில் வருகிறது. வளையல்கள் சாய்கின்றன, கீழ்ப்படிதல் மாறுகிறது, தோலின் தடிமன் மாறுகிறது, எதிர்ப்பும் மாறுகிறது. மாறுமின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் மொத்த எதிர்ப்புக்கு இம்பிடன்ஸ் என்று பெயர். கவனமாகப் பதப்படுத்திய கம்பிகளில் அது 600 சதவீதம்வரை மாறியிருக்கிறது. மாபெரும் காந்த இம்பிடன்ஸ் என்ற பெயர் பொருத்தமானதுதான். 1994-ல் பனீனாவும் மோரியும் ஒரு பக்கம், பீச்சும் பெர்க்கோவிட்சும் இன்னொரு பக்கம் இதைப் பற்றி எழுதியபிறகு இந்தத் துறை சூடுபிடித்தது. ஜப்பானின் ஐச்சி ஸ்டீல் இதே விளைவை வைத்துச் செய்த குட்டித் திசைகாட்டிகள் செல்போன்களுக்குள் போயின.

சுருக்கமாக: இரும்பு வகை சுவிட்ச் மாதிரி, கோபால்ட் வகை தராசு மாதிரி. இரண்டையும் பிரிப்பது காந்த நீட்சியின் திசையும் அளவும்.

## நம் ஊரில் இந்தத் தராசு

இது காட்டக்கூடிய ஒன்று நம் ஊருக்கே உரியது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு முற்றிலும் படுக்கையாக இருக்கும் கோட்டுக்குக் காந்த நடுக்கோடு என்று பெயர். அது இந்தியாவின் தென்கோடிப் பக்கமாகப் போகிறது. 1963-ல் திருவனந்தபுரம் பக்கம் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும், திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதுவே காரணம். தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் ஒரு மின்னாறு, தரையில் இருக்கும் புலத்தைத் தினமும் லேசாகக் கூட்டிக் குறைக்கிறது. காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள். மொத்தப் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா என்றால், இந்த ஏற்றத்தாழ்வு நூறு நானோடெஸ்லா அளவுக்குத்தான். நல்ல நுண்கம்பி உணரி அதையும் கண்டுகொள்ளும்.

கோபால்ட் கம்பி ஒன்றை இங்கே வடக்கு தெற்காகப் படுக்கவைத்தால் பூமியின் புலம் கிட்டத்தட்ட முழுவதும் அதன் நீளத்தில் போகும். செங்குத்தாக நிறுத்தினால் ஏறத்தாழ ஒன்றுமே போகாது. டெல்லியில் அப்படி இல்லை, அங்கே புலம் நாற்பது பாகைக்கு மேல் பூமிக்குள் குனிந்திருக்கிறது. உங்கள் போனுக்குள் எந்த வகை உணரி இருந்தாலும் சரி, காந்தப்புலம் அளக்கும் ஆப் ஒன்றைத் திறந்துகொண்டு, இரும்பும் மின்கம்பியும் பக்கத்தில் இல்லாத ஒரு வயல்வெளிக்குப் போங்கள். போனைத் தட்டையாக வைத்து எக்ஸ், ஒய், இசட் என்று வரும் மூன்று எண்களைப் பாருங்கள். வடக்கு நோக்கிய எண் நாற்பது மைக்ரோடெஸ்லாவை, அதாவது மேலே சொன்ன அதே 40,000 நானோடெஸ்லாவை, ஒட்டி நிற்கும். மேல்கீழ் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.